இன்ஜினுக்குள் போன நூல்

கோவை பீளமேடு விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏ320நியோ நின்றால், ஏறுவதற்கு முன் அதன் இன்ஜினை நேர் எதிரே இருந்து பாருங்கள். முன்னால் தெரியும் பெரிய விசிறியில் எத்தனை இறக்கை என்று எண்ணுங்கள். 20 இருந்தால் அது பிராட் அண்டு விட்னி இன்ஜின். 18 இருந்தால் லீப் இன்ஜின். லீப் என்றால், அந்த 18 இறக்கைகளும் தறியில் நெய்யப்பட்டவை. பாவு ஓட்டி, ஊடை கொடுத்து, ஜக்கார்டு ஏற்றி நெய்தவை.

திருப்பூரில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஜெட் இன்ஜின் என்றதும் உலோகமும் நெருப்பும்தான் நினைவுக்கு வரும். நூல் நூற்று, துணி பின்னி, சாயம் போட்டுப் பிழைக்கிற ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இரண்டு வழியில் இருக்கிறது. நம் பனியன் தொழில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்ததற்கு ஜெட் இன்ஜின் ஒரு காரணம். ஜெட் இன்ஜின் இன்றைய நிலைக்கு வந்ததற்குத் துணித் தொழில் ஒரு காரணம்.

நான் சென்னிமலைக்காரன். அப்பா ஜக்கார்டு பெட்டி ஏற்றிய கைத்தறியில் படுக்கை விரிப்பு நெய்தவர். நான் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் ஷிப்பிங் வேலைக்கு உட்கார்ந்தேன். வீட்டில் தறி, வேலையில் விமானம் என்று இரண்டையும் பார்த்து வளர்ந்ததால், இவை ஒன்றையொன்று தொட்ட வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சரக்கு போன கதை.

திருப்பூரில் பனியன் தொழில் 1925-ல் பேபி நிட்டிங் கம்பெனியோடு தொடங்கியது என்பது ஊரறிந்த கணக்கு. அடுத்த 50 வருஷம் உள்நாட்டு வியாபாரம்தான். வெள்ளைப் பனியன், கை வைத்தது, கை வைக்காதது. 1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் சி அண்டு ஏ கடைக்காரர்கள் வந்தார்கள். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது; ஏ.சக்திவேல் அதன் முதல் தலைவர். 1980-களின் நடுவில் வருஷத்துக்குச் சில கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடியை ஒட்டி நின்றது.

இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1960-ல் ஏர் இந்தியா தன் முதல் போயிங் 707 விமானத்தை வாங்கியது. அதில் இருந்தது ரோல்ஸ்ராய்ஸ் கான்வே இன்ஜின். அதுவரை வந்த ஜெட் இன்ஜின்களில், உள்ளே இழுத்த காற்று முழுவதும் நெருப்பு எரியும் அறை வழியாகப் போய், பின்னால் பீறிட்டு வரும். கான்வேயில் ஒரு பகுதிக் காற்று நெருப்புப் பக்கமே போகாமல், சுற்றுப்புறமாக ஓடிப் பின்னால் வந்தது. பைபாஸ் என்று சொல்கிற இந்த முறையில் விமானச் சேவைக்கு வந்த முதல் இன்ஜின் அதுதான். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் குறையும், சத்தமும் குறையும். ஆனால் கான்வேயில் சுற்றிப் போன காற்று, உள்ளே போன காற்றில் கால் பங்கை ஒட்டித்தான் இருந்தது.

அடுத்த பத்து வருஷத்தில் அந்தப் பங்கு தலைகீழானது. 1970 ஜனவரியில் சேவைக்கு வந்த போயிங் 747-ல் பிராட் அண்டு விட்னியின் ஜேடி9டி இன்ஜின் இருந்தது. உள்ளே ஒரு பங்கு காற்று போனால் சுற்றிலும் ஐந்து பங்கு போனது. முன்னால் பெரிய விசிறி ஒன்றை வைத்துச் சாதித்தார்கள். 1971-ல் ஏர் இந்தியாவின் முதல் 747 ‘எம்பரர் அசோகா’ பம்பாயில் இறங்கியது. அந்த விமானத்தின் வயிற்றில், பயணிகள் காலுக்குக் கீழே, கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு வைக்க இடம் இருந்தது. திருப்பூருக்கு இத்தாலிக்காரர் வந்த நேரத்தில், பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன அகன்ற விமானங்களில் அப்படிப்பட்ட வயிறு காத்திருந்தது. உலக விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி, பயணிகள் விமானத்தின் வயிற்றில் போவதுதான். பெரிய விசிறி வந்திருக்காவிட்டால் அந்த வயிறு இல்லை.

தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினால் ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். விமானத்தில் மூன்று, நான்கு நாள். எங்கள் தொழிலில் சரக்கு கப்பலில் போக வேண்டும் என்றுதான் விலை பேசுவார்கள். மழையில் சாயப்பட்டறைத் துணி காயவில்லை, கரன்ட் இல்லை, பிரிண்டிங்கில் ஷேடு மாறியது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மறுபடி செக்கிங் போடச் சொன்னார்கள் என்று நாள் போய்விட்டால் கப்பல் போய்விடும். பிறகு விமானம். தாமதம் நம் பக்கம் என்றால் அந்தச் செலவும் நம் தலையில். ஒரு ஆர்டரின் லாபம் மொத்தத்தையும் அது தின்றுவிடும். ஆனாலும் பையர் கைவிட்டுப் போகமாட்டார். அந்த மூன்று நாள் வழி இருந்ததால்தான் பல சின்னக் கம்பெனிகள் அடுத்த ஆர்டரைப் பார்த்தன.

கோட்டா முறை இருந்த காலத்தில் டிசம்பர் மாதம் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று வருஷத்துக்கு ஒரு அளவு. ஏஇபிசி என்ற ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் அலுவலகம் பங்கிட்டுக் கொடுக்கும். வருஷக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அந்தக் கோட்டா வீண். அதனால் கடைசி வாரத்தில் லாரி லாரியாகச் சரக்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும். வெளிநாட்டுச் சரக்கு விமானங்கள் இங்கே தாராளமாக வந்து போக 1990-ல் மத்திய அரசு வழிவிட்டது எங்களுக்குப் பெரிய உதவி. 1999-ல் நெடும்பாசேரியில் கொச்சி விமான நிலையம் வந்ததும் பாலக்காடு வழியாக இன்னொரு வழி திறந்தது. 2004 டிசம்பர் 31-ஓடு கோட்டா முடிந்தது. அவசரம் மட்டும் முடியவில்லை.

ஷிப்பிங்கில் உட்கார்ந்தவனுக்கு விமானக் கம்பெனிகள் எண்ணாகத்தான் பழக்கம். ஏர்வே பில்லின் முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே போதும். 098 ஏர் இந்தியா, 020 லுஃப்தான்சா, 176 எமிரேட்ஸ். அடுத்து எடை. பெட்டியைத் தராசில் வைத்து வரும் எடை ஒன்று. அது அடைக்கும் இடத்துக்குக் கணக்கிடும் எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்க வேண்டும். 60, 40, 40 என்று ஒரு கார்ட்டன் எடுத்தால் 96,000. வகுத்தால் 16 கிலோ. உள்ளே இருக்கும் குழந்தைச் சட்டை 11 கிலோதான் என்றாலும் கட்டணம் 16 கிலோவுக்கு. அதனால்தான் பேக்கிங் பிரிவுப் பெண்கள் பாலிபேகில் இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, பெட்டியின் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைக்கப் பாடுபடுவார்கள். ஃபிளீஸ் துணி என்றால் ஆள் மாற்றி ஆள் அழுத்துவார்கள். விமானத்தின் வயிறு எடையால் நிறைவதற்கு முன்னால் இடத்தால் நிறைந்துவிடும் என்பதை அந்தப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை.

இன்ஜின் நின்றால் ஊர் நிற்கும் என்று காட்டிய வருஷங்கள் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வானத்தில் பரவியது. அந்தச் சாம்பலில் இருப்பது கண்ணாடிக்கான மூலப்பொருள். இன்ஜினின் நெருப்பில் உருகி, பின்னாலுள்ள டர்பைன் இறக்கைகளில் போய் உறைந்துவிடும். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ல் நான்கு இன்ஜினும் அணைந்து, கீழே இறங்கிய பிறகுதான் திரும்பப் பிடித்தன. அதனால் 2010-ல் துணிந்து பறக்க யாரும் தயாராக இல்லை. கிட்டத்தட்ட ஆறு நாள் ஐரோப்பா மூடியிருந்தது. கோடைக் காலச் சரக்கு கார்கோ ஷெட்டுகளில் அடுக்கடுக்காகக் கிடந்தது. அடுத்த வருஷம் ஜனவரி 28-ம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமானது. ஆனால் துணி வெளியூர் போய்ச் சாயம் ஏறி வந்ததில் கப்பல் நாட்கள் கரைந்து, விமானச் செலவு ஏறியது. 2020 மார்ச்சில் பயணிகள் விமானம் நின்றபோது சரக்கு வைக்க வயிறே இல்லாமல் போய், கட்டணம் பல மடங்கானது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, அவை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. மறுபடி எல்லோரும் விமானத்தைப் பார்த்தோம்.

இவ்வளவும் இன்ஜின் நமக்குச் செய்தது. இனி துணி இன்ஜினுக்குச் செய்தது.

விசிறி பெரிதாகப் பெரிதாக இறக்கையின் எடை பெரிய தலைவலியானது. சுழலும்போது ஒவ்வொரு இறக்கையும் தன்னைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கும். எடை கூடினால் அந்த இழுப்பும் கூடும். அதைத் தாங்க அச்சு கனக்க வேண்டும், சுற்று உறை கனக்க வேண்டும். எடை குறைந்த, ஆனால் எஃகைவிட வலுவான பொருள் வேண்டும். அந்தப் பொருளைத் தந்தது நூல் ஆலை.

நூலைக் கரியாக்கலாம் என்பது பழைய அறிவு. 1879-ல் எடிசன் தன் மின்விளக்கில் ஒளிர வைத்தது, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கிய பருத்தித் தையல் நூலைத்தான். 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் வாட்டும் அவருடைய சகாக்களும் அக்ரிலிக் இழையை எடுத்தார்கள். ஸ்வெட்டருக்குப் போகிற அதே வகை இழை. கோர்ட்டால்ட்ஸ் என்ற பெரிய துணிக் கம்பெனி தயாரித்தது. அதை இழுத்துப் பிடித்தபடி 200, 300 டிகிரியில் காற்றில் வாட்டி, பிறகு காற்றில்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். கார்பன் மட்டும் மிஞ்சியது. முடியைவிட மெல்லிய கறுப்பு இழை. நீளவாக்கில் இழுத்தால் அசையாது.

ரோல்ஸ்ராய்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. லாக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்காக 1968-ல் ஒப்பந்தமான ஆர்பி211 இன்ஜினில் ஹைஃபில் என்று பெயரிட்ட கார்பன் இறக்கைகளைப் பொருத்தியது. எடை நன்றாகக் குறைந்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, சுழலும் விசிறிக்குள் கோழியைச் சுட்டு அனுப்புவது விமான உலகின் வழக்கமான சோதனை. 1970 மே மாதம் அந்தச் சோதனையில் ஹைஃபில் விசிறி சிதறிவிட்டது. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டிவந்தது. ஆர்பி211-க்கு ஆன செலவு கழுத்தை நெரிக்க, 1971 பிப்ரவரி 4-ம் தேதி ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. பிரிட்டிஷ் அரசே எடுத்து நடத்தியது. ஓய்வுபெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர் திரும்ப வந்து இன்ஜினைக் காப்பாற்றினார். டைட்டானியம் விசிறியோடு அது நன்றாகவே ஓடியது. 1980-களில் கொழும்பிலிருந்து பறந்த ஏர் லங்காவின் ட்ரைஸ்டார்களில் இருந்ததும் அதுதான்.

கார்பன் இறக்கையின் பலவீனத்தை நம் கட்டிங் மாஸ்டர் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். மேசையில் துணியை லே போட்டு நூறு அடுக்கு அடுக்குகிறோம். மேலிருந்து பார்த்தால் ஒரே கட்டை மாதிரி இருக்கும். ஓரத்தில் தட்டினால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கார்பன் துணியும் அப்படி அடுக்கி, நடுவே பிசின் வைத்து ஒட்டுவதுதான். இழை ஓடும் திசையில் அசுர பலம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வெறும் பிசின். பக்கவாட்டில் அடி விழுந்தால் அங்கேதான் பிளக்கும்.

உலோக வழியில் போனவர்கள் போனார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் மட்டும் கார்பனை விடவில்லை. 1995-ல் போயிங் 777-ல் சேவைக்கு வந்த ஜிஇ90 இன்ஜினில் 22 கார்பன் இறக்கைகள். இவையும் அடுக்கி ஒட்டியவைதான். ஆனால் பிசின் மேம்பட்டது, முன் விளிம்புக்கு டைட்டானியம் கவசம் போட்டார்கள், இறக்கையும் தடிமனானது. அதன் வடிவ அழகுக்காக ஓர் இறக்கையை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. பெரிய இன்ஜினுக்கு இது சரி. ஏ320, 737 போன்ற விமானங்களின் இன்ஜின் சின்னது, இறக்கையும் மெலிசு. மெலிசான அடுக்கு இறக்கை பறவையின் அடியைத் தாங்குவது கடினம். உலகில் அதிகம் பறப்பவையோ இந்த வகை விமானங்கள்தான்.

இங்கேதான் தறி வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்சின் சஃப்ரானும் சரிபாதிக் கூட்டாக நடத்தும் சிஎஃப்எம் கம்பெனியின் லீப் இன்ஜினுக்காக, சஃப்ரான் ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டது. ஆல்பனி 1895-ல் தொடங்கியது. அதன் தொழில், காகித ஆலைகளில் ஈரக் காகிதத்தைச் சுமந்து ஓடும் தடித்த ஃபெல்ட் துணி செய்வது. நூறு வருஷத்துக்கு மேல் தடித்த துணியோடு மல்லுக்கட்டியவர்கள். அடுக்கி ஒட்டினால் பிளக்கிறது என்றால், அடுக்குகளை நெய்யும்போதே ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாதாரணத் துணியில் பாவு ஒரு தளம். இதில் பாவு பல தளம். ஊடையும் பல தளம். சில பாவு இழைகள் மேல் தளத்திலிருந்து கீழ்த் தளத்துக்கு இறங்கி, ஊடையைப் பிடித்து, மறுபடி ஏறும். நீளம், அகலம், ஆழம் மூன்று திசையிலும் இழை ஓடும். எந்தப் பாவு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல ஜக்கார்டு வேண்டும். லியோனில் 1800-களின் தொடக்கத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு பட்டுப் பூவுக்காகச் செய்த ஏற்பாடு. அப்பாவின் தறியில் அட்டையில் துளை போட்டு, கயிற்றில் கோத்து, பெட்டிமேல் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு மிதிக்கு ஓர் அட்டை புரளும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு மேலே எழும். ஒரு துளை தப்பானால் விரிப்பு முழுவதும் மயிலின் கழுத்து முறிந்திருக்கும். இன்று அட்டைக்குப் பதில் கணினி சொல்கிறது. பாவு ஒவ்வொன்றுக்கும் தனி உத்தரவு என்கிற அடிப்படை மாறவில்லை.

கார்பன் இழையை நெய்வது எளிதல்ல. இழுத்தால் தாங்கும், உரசினால் உடையும். தறியின் அச்சிலும் விழுதிலும் படும் ஒவ்வொரு உரசலையும் குறைக்க வேண்டும். இறக்கையின் அடி தடிமன், நுனி மெலிசு. நடுவில் வெட்டாமல், ஒட்டாமல், இழைகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே ஒரே துணியாக நெய்ய வேண்டும். நெய்த கறுப்புத் துணியை அளவாக வெட்டி, இறக்கை வடிவில் முறுக்கிய வார்ப்பச்சுக்குள் வைத்து, பிசினை அழுத்தத்தில் செலுத்தி, சூட்டில் இறுக வைக்கிறார்கள். முன் விளிம்பில் டைட்டானியம் ஏறும். பழைய சிஎஃப்எம்56 இன்ஜின்களின் ஒரு வகையில் 36, இன்னொரு வகையில் 24 உலோக இறக்கைகள் இருந்தன. லீப்பில் 18 போதும். ஏ320நியோவில் சுற்றிப் போகும் காற்று, உள்ளே போவதைப் போல 11 பங்கு. முந்தைய இன்ஜினைவிட 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பது சிஎஃப்எம் சொல்லும் கணக்கு. 2016 ஆகஸ்டில் துருக்கியின் பெகாசஸ் விமானக் கம்பெனியில் லீப் சேவைக்கு வந்தது. அதற்கான தறிக் கூடங்கள் 2014-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலும் பிரான்சின் கொமெர்சியிலும் திறந்தன.

1970-ல் கோழி சிதறடித்த விசிறிக்கும் 2016-ல் பறந்த விசிறிக்கும் இழை ஏறத்தாழ ஒன்றுதான். நடுவே வந்தது நெசவு. ஜப்பானின் டோரே கம்பெனியின் கதையும் இதே பாடம். 1926-ல் டோயோ ரேயான் என்று செயற்கைப் பட்டு இழை செய்யத் தொடங்கியவர்கள், 1971 முதல் கார்பன் இழை விற்று, அதில் உலகின் முன்னணிக்கு வந்தார்கள். ஆல்பனியும் சரி, டோரேயும் சரி, துணியைக் கைவிட்டு விமானத்துக்குத் தாவியவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த நூலிலேயே இன்னும் ஆழமாக இறங்கியவர்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். சென்னிமலையிலும் சிறுமுகையிலும் ஜக்கார்டு தெரிந்த கைகள். சோமனூர், பல்லடத்தில் விசைத்தறி. திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரத்தின் ஊசி உடைந்தால் சத்தத்தை வைத்தே சொல்லும் ஃபிட்டர்கள். கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம், பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி. நூற்பு இயந்திரம் செய்ய 1962-ல் தொடங்கிய லட்சுமி மிஷின் ஒர்க்ஸ், இன்று விமான, விண்வெளிப் பாகங்களும் செய்கிறது. தொழில்நுட்பத் துணிகளுக்கென்று மத்திய அரசு 2020-ல் 1,480 கோடி ரூபாயில் ஓர் இயக்கமே அறிவித்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, டி-ஷர்ட் ஒன்றை மட்டும் நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று ஊரே பார்த்தது. பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தால் வேறு நாட்டுக்குப் போய்விடும் ஆர்டர் அது. தடித்த துணியை மூன்று திசையில் நெய்யத் தெரிந்தவனிடமிருந்து ஆர்டர் அப்படிப் போகாது. அவனைப் போல இன்னொருவனைக் கண்டுபிடிக்கவே வருஷங்கள் ஆகும்.

எனக்குத் தோன்றும் முதல் வேலை சின்னது. சென்னிமலையில் அட்டை கோக்கவும் பாவு பிணைக்கவும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் பிள்ளைகள் தறிப் பக்கம் திரும்புவதில்லை. கூலியைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெரியவர்களைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்து, சம்பளம் கொடுத்து, கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கையில் கொடுத்து, பொறியியல் படிக்கும் பிள்ளைகளோடு ஒரே தறியில் உட்கார வைக்க வேண்டும். பிசினையும் வெப்பத்தையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இழை எங்கே உரசும், எங்கே அறும், எந்த விழுதை எப்போது தூக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏற்றுமதியில் சம்பாதித்த ஊர், அதில் ஒரு பங்கை இதற்குச் செலவிடலாம். அந்தக் கைகள் இன்னும் பத்து, பதினைந்து வருஷம்தான் நம்மோடு இருக்கும். அதற்குள் செய்துவிட வேண்டும்.